கல்வித் தொலைக்காட்சி யூடியூப் சேனல்: கோத்தகிரில இருந்து ஒரு அம்மாவோட ரிவ்யூ

எங்க வீடு தேயிலைத் தோட்டத்துக்குள்ள, டியூஷனுக்கு டவுன் வரைக்கும் போகணும், சாயங்காலம் மிஸ்ட் இறங்கிட்டா காட்டெருமை பயம் வேற. அதனால பத்தாவது படிக்கிற என் பொண்ணுக்கு 2019ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச இந்த சேனல்தான் டியூஷன். ஒளியியல் பாடத்துல குவிலென்ஸ் கதிர்ப்படத்த நிறுத்தி நிறுத்தி, பின்னாடி தள்ளிப் பாத்து, நோட்ல ஸ்கேல் வச்சு அவளே வரைஞ்சிட்டா, கிளாஸ்ல ரெண்டாவது தடவ கேக்கவே கூச்சப்படுற புள்ள! புரியலன்னா போட்டோ எடுத்து பசங்க வாட்ஸ்அப் குரூப்ல போடுவா, குன்னூர்ல இருக்கற பிரெண்டு வாய்ஸ் நோட்ல பொறுமையா சொல்லிக் குடுக்கும், எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சிருக்கு. மழைல சிக்னல் போயிடும், காலைலயே டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க. காசு கிடையாது, தைரியமா பாருங்க.