பனிக்கட்டி மேல் பந்தயம்: காரா, பைக்கா?

பிரான்ஸில் 1990 முதல் 2024 வரை நடந்த ஆண்ட்ரோஸ் டிராஃபி கார் பந்தயம் ஒரு பக்கம், 1966இல் தொடங்கிய ஐஸ் ஸ்பீட்வே பைக் உலகச் சாம்பியன்ஷிப் இன்னொரு பக்கம். ஒரு சீசன் முழுக்க உட்கார்ந்து பார்க்க எது என்று கேட்டால் நான் பைக் பக்கம்தான்.

காரில் நான்கு சக்கரமும் இழுக்கும், நான்கும் திரும்பும், அதனால் வளைவைக் கிட்டத்தட்ட பக்கவாட்டிலேயே கடக்கும், அது தனி அழகு. எஃப்1 சாம்பியன் அலென் பிராஸ்ட் இங்கே மூன்று முறை பட்டம் வென்றவர். 2019-20 சீசனிலிருந்து எல்லாமே மின்சாரக் கார்கள்; இஞ்சின் சத்தம் போனது எனக்குப் பெரிய குறை.

பைக்கில் பிரேக்கே கிடையாது. டயரில் ஏறக்குறைய 28 மி.மீ. நீள ஆணிகள், மெத்தனால் குடிக்கும் 500 சிசி இஞ்சின், நான்கு பேர், நான்கு சுற்று, அப்புறம் இடது கைப்பிடி பனியை உரசும் அளவுக்கு வளைவில் சாய்வார்கள் பாருங்கள், மூச்சே நின்றுவிடும். முதலிடத்துக்கு 3 புள்ளி, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. ரஷ்யாவின் நிக்கோலாய் கிராஸ்னிகோவ் 2005 முதல் 2012 வரை தொடர்ந்து 8 பட்டம் அடித்தார், அந்த சீசன்களை விட்டுவிடாதீர்கள்.