ஃபார்மட் அடிக்காமலே சரிசெய்து கொடுத்த உச்சிப்புளி கடை

தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக்கொடுக்கிற சின்னக் கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்றுதான், கடையே அதை நம்பித்தான் ஓடுகிறது. உச்சிப்புளியில் மெயின் ரோட்டை ஒட்டி மாடிப்படி ஏறிப் போகிற இந்த ரிப்பேர் கடையைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு மாதமாக நினைத்துக்கொண்டே இருந்தேன், இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது.

தொந்தரவு ஆரம்பித்தது மே மாதத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், அந்த நாட்களில்தான் எங்கள் பக்கத்து ஆட்கள் பேப்பர் வேலை எல்லாவற்றையும் முடிக்கப் பார்ப்பார்கள். ஆதார் நகல், பாஸ்புக் நகல், பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் என்று கூட்டம் நிற்கும். அந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் இழுக்க ஆரம்பித்தது. பெயரை அடித்தால் எழுத்து ஒவ்வொன்றாக யோசித்து யோசித்து வந்து விழும். காலையில் ஆன் செய்ததிலிருந்து ராத்திரி ஷட்டர் இறக்கும் வரை ஃபேன் ஒரே இரைச்சல், பின்னால் கை வைத்தால் அனல். ஒரு அம்மா மகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் போட வந்து, ஓடிபி வருவதும் நான் அதை அடித்து முடிப்பதற்குள் நேரம் முடிந்துபோவதுமாக மூன்று தடவை ஆகிவிட்டது. அந்தம்மா ஒன்றும் சொல்லவில்லை, கையில் போனைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முதலில் ராமநாதபுரம் டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன், பெயர் வேண்டாம். ஆன் செய்து இரண்டு நிமிடம்கூடப் பார்க்கவில்லை, பிராசஸர் பழசு, போர்டோடு மாற்றணும், 14,000 ஆகும், இல்லையென்றால் ஃபார்மட் அடித்து, அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுப் பார்க்கலாம், ஆனால் உத்தரவாதம் இல்லை என்றார்கள். நேற்று வரை ஒழுங்காக ஓடியது இன்றைக்கு எப்படிப் பழசாகும் என்று கேட்டேன், பதில் வரவில்லை. திருப்பித் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் மண்டபத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர்தான் இந்தக் கடையைச் சொன்னார். சிபியூவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கடையில் இருக்கிற தம்பிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஸ்க்ரூடிரைவரைத் தொடவே இல்லை, வயரை மாட்டி ஆன் செய்துவிட்டு, "பதினஞ்சு நிமிஷம் சும்மா இருக்கட்டும்கா, டீ குடிச்சிட்டு வாங்க" என்றார். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன விளக்கம்தான் எனக்கு முதல் பாடம். ஆன் செய்த உடனே அப்டேட் தேடும், ஆன்டிவைரஸ் ஒரு சுற்று பார்க்கும், ஃபைல்களைப் பட்டியல் எடுக்கும், அதனால் கொஞ்ச நேரம் எந்தக் கம்ப்யூட்டரும் திணறத்தான் செய்யும், அது தானாக இறங்கிவிடும், இறங்காமல் நிற்பது எது என்று பார்த்தால் போதும் என்றார்.

திரும்பி வந்தபோது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கி, எந்தப் புரோகிராம் எவ்வளவு இழுக்கிறது என்று காட்டுகிற டாஸ்க் மேனேஜரைத் திறந்தார். அதில் சிபியூ என்றால் பெட்டி இல்லை, பிராசஸர்; அந்தத் தலைப்பில் ஒரு கிளிக் செய்ததும் அதிகமாக இழுப்பது மேலே வந்து உட்கார்ந்தது: டபிள்யூஎம்ஐ புரொவைடர் ஹோஸ்ட், 40க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது, இறங்கவே இல்லை. வைரஸா தம்பி என்று பயந்துபோய்க் கேட்டேன். ரைட் கிளிக் செய்து அந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று திறந்து காட்டினார். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் டபிள்யூபிஇஎம் என்ற ஃபோல்டர். அங்கே இருந்தால் விண்டோஸுடைய சொந்தச் சரக்கு, வேறு எங்காவது அதே பெயரில் உட்கார்ந்திருந்தால்தான் சந்தேகப்படணும் என்றார்.

சரி, அதை நிறுத்திவிட வேண்டியதுதானே என்றேன். "இத அடிக்காதீங்கக்கா, இது கேட்ட கேள்விக்குப் பதில் சொல்றவன். ஓயாம கேள்வி கேக்குறவன் வேற எங்கயோ உக்காந்திருக்கான், அவனத் தேடணும்" என்றார். நிறுத்தியும் காட்டினார், சில நொடியில் மறுபடி முளைத்துவிட்டது. அதாவது கம்ப்யூட்டரில் என்னென்ன மாட்டியிருக்கிறது, அது எந்த நிலையில் இருக்கிறது என்று மற்ற புரோகிராம்கள் விசாரிக்க வருகிற இடம் அது. நம் பஞ்சாயத்து ஆபீஸ் ஜன்னல் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், ஒரே ஆள் நாள் பூராவும் ஜன்னலைத் தட்டிக்கொண்டே இருந்தால் உள்ளே இருப்பவர் என்ன செய்வார்?

அடுத்து, உள்ளே நடப்பதை விண்டோஸ் குறித்து வைக்கிற ஈவென்ட் வியூவரைத் திறந்தார். அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், அதற்குள் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டபிள்யூஎம்ஐ-ஆக்டிவிட்டி, ஆபரேஷனல் என்று போய்க்கொண்டே இருந்தார். அங்கே சிவப்பு அடையாளத்தோடு 5858 என்ற எண்ணில் வரிசையாக எர்ரர், எல்லாம் சில நொடி இடைவெளியில். ஒன்றைத் தொட்டதும் கீழே ஒரு பாரா விரிந்தது, அதில் கிளையன்ட் பிராசஸ் ஐடி என்று ஒரு எண், கேள்வி கேட்ட புரோகிராமின் அடையாள எண் அது. நான்கு எர்ரரைத் திறந்தார், நான்கிலும் அதே எண். அதை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, டாஸ்க் மேனேஜரில் டீட்டெய்ல்ஸ் பக்கத்துக்குப் போய் பிஐடி, அதாவது பிராசஸ் ஐடி வரிசையில் தேடினார். ரீஸ்டார்ட் செய்தால் இந்த எண் மாறிவிடும், அதனால் அதே மூச்சில் தேடிவிட வேண்டும் என்பதையும் சொன்னார்.

கிடைத்தது என்ன தெரியுமா, நான் போன வருஷமே கொடுத்துவிட்ட பழைய பிரிண்டரின் இங்க் அளவு காட்டுகிற புரோகிராம். பிரிண்டர் வீட்டை விட்டுப் போய் மாதக்கணக்காகிறது, அது மட்டும் பின்னணியில் உட்கார்ந்துகொண்டு பிரிண்டர் இருக்கா, இருக்கா என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. பின்னணியில் ஓடுகிறவற்றைக் காட்டும் சர்வீசஸ் பட்டியலில் அதை நிறுத்திப் பார்த்தார், ஐம்பதில் ஆடிய எண் மூன்று, நான்குக்கு இறங்கியது, ஃபேன் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அதற்குப் பிறகுதான் அன்இன்ஸ்டால் செய்தார். நிறுத்திப் பார்த்து இதுதான் என்று உறுதி செய்துகொண்டு பிறகு நீக்கினாரே, அந்த வரிசை எனக்கு ரொம்பப் பிடித்தது.

பிறகுதான் மூடியைக் கழற்றினார். எங்கள் ஊரில் இரண்டு பக்கமும் கடல், கச்சான் காற்று அடித்தால் மணலும் உப்பும் சேர்ந்து உள்ளே வரும். ஸ்க்ரூ தலையெல்லாம் துரு, ஃபேன் இறக்கையில் பிசுபிசுவென்று ஒட்டிய தூசி. ப்ளோவரில் ஊதி, பிரஷ்ஷால் துடைத்துக் கொடுத்தார். எல்லாம் சேர்த்து 400 ரூபாய். என் ஃபைல் ஒன்றுகூடப் போகவில்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். போனை எடுக்கவே மாட்டார், நான்கு தடவை அடித்தேன். உட்கார ஒரே ஒரு ஸ்டூல், மாடிப்படி செங்குத்து, வயதானவர்கள் சிபியூவைத் தூக்கிக்கொண்டு ஏறுவது கஷ்டம். பில் கேட்டால்தான் எழுதித் தருகிறார், எனக்குக் கடைக் கணக்குக்கு வேண்டும், அதைத் தானாகவே கொடுக்கலாம்.

போன வாரம் மறுபடி ஃபேன் இரைந்தது. நானே அந்த மூன்று பட்டனை அமுக்கிப் பார்த்தேன், மேலே நின்றது விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர், அப்டேட் போடுகிற வேலை. தம்பி சொன்ன மாதிரி தொடாமல் விட்டுவிட்டு ஜெராக்ஸ் வேலையைப் பார்த்தேன், அரை மணி நேரத்தில் இறங்கிவிட்டது.

போகிறவர்கள் காலை பத்தரைக்கு மேல் போங்கள், அதற்கு முன் திறப்பதில்லை. வெள்ளிக்கிழமை மதியம் பூட்டியிருக்கும். சிபியூ மட்டும் போதும், மானிட்டரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், அங்கேயே இருக்கிறது.