ஜீரோ லெங்த் எலிமென்ட்: ஆறு வருடம் பயன்படுத்திய பிறகு

கிண்டியில் ஒரு சின்ன ஸ்ட்ரக்சுரல் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஆறு வருடமாகப் பழைய கட்டடங்களை ஓப்பன்சீஸ் என்ற மென்பொருளில் மாடலாகப் போட்டு, நிலநடுக்கத்துக்குத் தாங்குமா என்று பார்ப்பதுதான் தினசரி வேலை. 2002-இல் நிலநடுக்க வடிவமைப்புக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1893 திருத்தப்பட்டபோது சென்னை, முன்பைவிட ஆபத்து கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு வந்துவிட்டது. அதற்கு முன் கட்டியவற்றில் பீம் முனை எந்த மொமென்ட்டில் (வளைக்கும் திருப்பத்தில்) இளகும், அதாவது மீளாமல் வளையத் தொடங்கும் என்று தெரிய வேண்டும். அந்த இளக்கத்தை வைக்கும் இடம்தான் ஜீரோ லெங்த் எலிமென்ட்.

ஒரே புள்ளியில் இரண்டு நோடு (மாடலின் இணைப்புப் புள்ளிகள்), நடுவில் ஒரு ஸ்பிரிங். கேட்க எளிது. ஆனால் அந்த இரண்டு நோடும் ஒரே இடத்தில் இருப்பதாலேயே சேர்ந்துவிட்டன என்று மனம் நம்பிவிடுகிறது. அப்படி இல்லை. ஒரு நோடுக்கு ஆறு திசை: 1 முதல் 3 வரை நகர்வு, 4 முதல் 6 வரை சுழற்சி. எந்தத் திசைக்கு மெட்டீரியல் (ஸ்பிரிங்கின் விறைப்பு) கொடுக்கவில்லையோ அங்கே இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. போன வருடம் புதிதாகச் சேர்ந்த தம்பி, "சார், மொட்டை மாடி நகர்வு பத்து இலக்கத்துல வருது சார்" என்று ஓடி வந்தான். போய்ப் பார்த்தால் 5-ஆம் திசைக்கு மட்டும் ஸ்பிரிங் கொடுத்திருந்தான். பீம் காற்றில் நின்றது.

சரி, மீதி ஐந்தையும் ஈக்குவல் டிஓஎஃப் (இரண்டு நோடையும் சொன்ன திசைகளில் ஒன்றாக அசைய வைக்கும் கட்டளை) போட்டுக் கட்டிவிடலாமே? நானும் வெகுநாள் அப்படித்தான் செய்தேன். ஓஎம்ஆர் பக்கம் ஒரு கட்டடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். அதன் ஒரு பக்கம் பிளானில் 30 டிகிரி திரும்பியிருக்கும். நேரான பகுதி ஒழுங்காக வந்தது. திரும்பிய பகுதியில் 250 கிலோநியூட்டன் மீட்டரில் இளக வேண்டிய பீம் முனை, அதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. இரண்டு நாள் மெட்டீரியலையே சந்தேகப்பட்டேன். தப்பு அச்சில் இருந்தது. இந்த எலிமென்ட்டுக்கு நீளம் இல்லை. அதனால் தான் எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்று அதற்குத் தெரியாது. ஓரியன்ட் என்று அதன் அச்சுத் திசையைக் கொடுக்காவிட்டால், முழு மாடலுக்கும் பொதுவான குளோபல் அச்சையே எடுத்துக்கொள்ளும். என் ஸ்பிரிங் குளோபல் ஒய்யைச் சுற்றி இளகியது, பீம் வளைந்ததோ 30 டிகிரி தள்ளி. ஈக்குவல் டிஓஎஃப்பும் குளோபல் திசையில்தான் கட்டும், ஆகவே மீதிச் சுழற்சியை அது இறுக்கிப் பிடித்துவிட்டது.

இப்போது நகர்வு மூன்றை மட்டும் ஈக்குவல் டிஓஎஃப்பில் கட்டுகிறேன். சுழற்சி மூன்றையும் எலிமென்ட்டுக்குள்ளேயே, ஓரியன்ட்டோடு கொடுக்கிறேன். இளகக் கூடாத இரண்டுக்கும் பக்கத்து பீமின் விறைப்பைப் போல நூறு முதல் ஆயிரம் மடங்கு போதும். பத்தின் அடுக்கு பதினைந்து என்று அள்ளிப் போட்டால் கன்வர்ஜென்ஸ் அடிவாங்கும், கணக்கு விடைக்கு வந்து சேராது.

இளகும் ஸ்பிரிங்குக்கு 6இஐ/எல்-ஐப் போல 11 மடங்கு விறைப்பு கொடுத்து (இ பொருளின் விறைப்பு எண், ஐ குறுக்குவெட்டின் வளைவு எதிர்ப்பு எண், எல் பீமின் நீளம்), நடுவிலுள்ள எலாஸ்டிக் பீமின் ஐ-யை 1.1 மடங்கு ஆக்குவேன். இரண்டும் சேர்ந்து பழைய விறைப்பையே தரும். டாம்பிங்கில் ஒரு நிம்மதி: அதிர்வைத் தணிக்கும் ராலே டாம்பிங் இந்த எலிமென்ட்டுக்கு இயல்பாகவே அணைந்திருக்கும். அதை அப்படியே விடுங்கள். விறைப்பான ஸ்பிரிங்கில் அதைப் போட்டால், இளகிய பிறகு இல்லாத மொமென்ட் எல்லாம் முளைக்கும்.

சாப் 2000 என்ற இன்னொரு மென்பொருளில் வேலை செய்யும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே இதே வேலையைச் செய்யும் நீளமில்லாத லிங்க்கின் 1-ஆம் அச்சு மேல்நோக்கி, அதாவது இசட் திசையில் நிற்கும். கிடையான பீமுக்குப் போட்டுவிட்டு யூ1-ஐ (1-ஆம் அச்சுத் திசையை) பீமின் அச்சு விசை என்று படித்தால் கதை மாறிவிடும். ஒரே இடத்து ஜாயின்ட்டுகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மெர்ஜ் நம்பரை வேறுவேறாகக் கொடுக்க வேண்டும். அதற்குப் பயந்து 1 மில்லிமீட்டர் இடைவெளி விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது பிடிப்பதில்லை.

எந்த மாடலானாலும் முதலில் தனியாக ஒரு கேன்டிலீவர் (ஒரு முனை மட்டும் பிடித்த பீம்) போடுகிறேன், அதுவும் 30 டிகிரி திருப்பி. அடியில் இந்த ஸ்பிரிங், நுனியில் ஒரு மொமென்ட். நுனிச் சுழற்சி எம்எல்/இஐ கூட்டல் எம்/கே (எம் மொமென்ட், கே ஸ்பிரிங்கின் விறைப்பு) என்று கையால் போட்டது வர வேண்டும். வந்த பிறகுதான் பெரிய மாடலைத் திறப்பேன். தம்பியும் இப்போது அதைச் செய்துவிட்டுத்தான் என் மேசைக்கு வருகிறான்.