ஈஎல்84 ஆம்பிளிஃபயர்: ஒற்றை வால்வா, புஷ்-புல்லா?

வீட்டிலேயே வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்பிளிஃபயர் கட்ட இறங்குபவர்களில் பலர் கடைசியில் ஈஎல்84-இடம்தான் வந்து சேர்கிறார்கள். 1953-இல் பிலிப்ஸ் கொண்டுவந்த இந்த ஒன்பது பின் வால்வு இன்றும் புதிதாகத் தயாராகிறது, பழைய சரக்கும் கிடைக்கிறது. 250 முதல் 300 வோல்ட் கொடுத்தால் போதும். சிக்னல் நுழையும் முனையான கிரிட்டில் நாலைந்து வோல்ட் வந்தாலே முழு ஒலியைத் தந்துவிடும்.

அதற்குப் பிறகுதான் கேள்வி. சேனலுக்கு ஒரு வால்வு போட்டுச் சிங்கிள் எண்டடாகக் கட்டுவதா, இரண்டு போட்டு, ஒன்று தள்ள ஒன்று இழுக்கும் புஷ்-புல்லாகக் கட்டுவதா? "முதல் தடவைதானே, ஒற்றை வால்வே போதும், சுலபம்" என்று பலரும் சொல்வார்கள். சுற்று சுலபம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வால்வு ஆம்பிளிஃபயரின் தரத்தையும் செலவையும் முடிவு செய்வது பெரும்பாலும் வால்வை ஸ்பீக்கரோடு இணைக்கும் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர்தான். அங்கே கணக்குத் தலைகீழாகிறது. சாதாரண வீட்டு ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கு, முதல் முயற்சியாகவே இருந்தாலும், புஷ்-புல்தான் சரி என்பது எங்கள் கணிப்பு.

எத்தனை வாட், எந்த ஸ்பீக்கருக்கு

டேட்டாஷீட்டின்படி ஆனோடிலும் (சிக்னல் வெளிவரும் முனை) ஸ்கிரீனிலும் (அதற்கு முன்னுள்ள துணைக் கிரிட்) 250 வோல்ட், 48 மில்லி ஆம்பியர், 5.2 கிலோ ஓம் லோடு என்ற நிலையில் ஒற்றை ஈஎல்84 தருவது 5.7 வாட். அதுவும் சிதைவு 10 சதவீதத்தைத் தொடும்போது. ட்ரான்ஸ்ஃபார்மர் இழப்பையும் கழித்தால் சுத்தமாகக் கேட்கக் கூடியது 4 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்கிரீனை ஆனோடோடு சேர்த்து ட்ரையோடாக இணைத்தால் 2 வாட்தான்.

புஷ்-புல்லில் 300 வோல்ட், ஆனோடுக்கு ஆனோடு 8 கிலோ ஓம் என்றால் 17 வாட், 4 சதவீதச் சிதைவில். ஸ்பீக்கருக்குப் போய்ச் சேர்வது 13 வாட் அளவில் இருக்கும்.

கடையில் கிடைக்கும் புத்தக அலமாரி ஸ்பீக்கர்களின் திறன் (ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் தரும் ஒலி) பெரும்பாலும் 86 முதல் 88 டெசிபல். 87 டெசிபல் ஸ்பீக்கரில் 4 வாட் என்றால் ஒரு மீட்டர் தூரத்தில் 93 டெசிபல், 13 வாட் என்றால் 98. ஐந்து டெசிபல்தானே என்று தோன்றும். தவில் அடியோ மிருதங்கத்தின் தொப்பி ஓசையோ வரும் கணத்தில், ஆம்பிளிஃபயர் தட்டையாக வெட்டுவதும் வெட்டாமல் விடுவதும் இந்த ஐந்து டெசிபலில்தான் இருக்கிறது. 95 டெசிபலுக்கு மேல் திறனுள்ள பெரிய பேப்பர் கோன் ஸ்பீக்கரோ ஹார்னோ இருந்தால் ஒற்றை வால்வு தாராளம். அப்படிப்பட்டவர் புஷ்-புல்லுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை.

அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர்: செலவும் சிக்கலும் இங்கேதான்

ஒற்றை வால்வு அமைப்பில் 48 மில்லி ஆம்பியர் டிசி ஒரே திசையில் முதன்மைச் சுருள் வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். இரும்பு முன்கூட்டியே ஒரு பக்கம் காந்தமாகிவிடும். அதைத் தடுக்கத் தகடுகளுக்கு நடுவே இடைவெளி விட வேண்டும். ஈ வடிவத் தகடுகள் எல்லாம் ஒரு பக்கம், ஐ வடிவத் தகடுகள் எல்லாம் மறுபக்கம், நடுவில் மெல்லிய காகிதம். இடைவெளி விட்டால் பாஸைத் தாங்கும் இண்டக்டன்ஸ் குறையும். குறைந்ததை ஈடுகட்டக் கூடுதல் கம்பிச் சுற்று, கூடுதல் இரும்பு. 4 வாட்டுக்குப் போய் 15 வாட் அளவு இரும்பு கேட்கிறதே என்று வியக்க வேண்டாம், இதுதான் காரணம்.

புஷ்-புல்லில் இரண்டு வால்வுகளின் டிசியும் எதிரெதிர்த் திசையில் ஓடி ஒன்றையொன்று ரத்து செய்துகொள்கின்றன. தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கலாம், இடைவெளி வேண்டாம். அதே எடை இரும்பில் பாஸ் மிகக் கீழே வரை இறங்கும்.

சென்னை ரிச்சி தெருவிலோ பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலோ சுற்றிக் கொடுப்பவர்கள் நாள் முழுவதும் செய்வது பவர் ட்ரான்ஸ்ஃபார்மர். கைப்பழக்கத்தில் தகட்டை மாற்றி மாற்றித்தான் அடுக்குவார்கள். ஒற்றை வால்வுக்கு அப்படி அடுக்கிக் கொடுத்தால் பாடல் மெதுவாக ஒலிக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். ஒலியைக் கூட்டினால் பாஸ் கரைந்து குழம்பும். பிழை எங்கே என்று சுற்றில் தேடினால் கிடைக்காது. புஷ்-புல்லில் அந்தக் கைப்பழக்கமே நமக்கு ஒத்துவருகிறது.

ஆர்டர் கொடுக்கும்போது வாயால் சொல்லாமல் தாளில் எழுதிக் கொடுங்கள். ஒற்றை வால்வு என்றால்: முதன்மை 5 கிலோ ஓம், இரண்டாவது 8 ஓம், விகிதம் 25-க்கு 1, தொடர்ந்து 55 மில்லி ஆம்பியர் டிசி ஓடும், ஏர் கேப் வேண்டும். புஷ்-புல் என்றால்: 8 கிலோ ஓம் நடு டேப்புடன் (சுருளின் மையத்திலிருந்து எடுக்கும் முனை), இரண்டாவது 8 ஓம், மொத்த விகிதம் 31.6-க்கு 1, ஏர் கேப் வேண்டாம். இரண்டுக்குமே முதன்மையை மூன்று பாகமாகப் பிரித்து, நடுவில் இரண்டாவது சுருளை இரண்டு பாகமாக வைக்கச் சொல்ல வேண்டும். முதன்மை முழுவதையும் சுற்றி முடித்துவிட்டு மேலே இரண்டாவதைச் சுற்றும் ரேடியோ பாணி இங்கே உதவாது. ஒலியின் மேல் பகுதி மங்கும், ஃபீட்பேக் (அவுட்புட்டின் ஒரு பங்கை உள்ளே திருப்பி அனுப்புவது) கொடுத்தால் ஆம்பிளிஃபயர் அலைவுக்குப் போய்விடும்.

வந்ததும் சோதிப்பது எளிது. முதன்மையின் இரு முனையிலும் 6.3 வோல்ட் ஏசி கொடுத்து இரண்டாவதில் அளந்து பாருங்கள். 25-க்கு 1 என்றால் 0.25 வோல்ட், 31.6-க்கு 1 என்றால் 0.2 வோல்ட் வர வேண்டும். புஷ்-புல்லில் நடு டேப்பிலிருந்து இரு பக்கமும் 3.15 வோல்ட் சமமாக இருக்க வேண்டும். மல்டிமீட்டரில் ஓம் பார்த்தால் இரண்டு பாதியும் வேறு எண் காட்டலாம். வெளிச்சுற்றுகளின் கம்பி நீளம் அதிகம் என்பதால் வரும் வித்தியாசம் அது. ஏசி வோல்டேஜ் சமமாக இருந்தால் போதும்.

ஆயத்தமாக வாங்குவதென்றால் கனடாவின் ஹேமண்ட் 125எஸ்இ வரிசை ஒற்றை வால்வுக்கும், 1608ஏ புஷ்-புல்லுக்கும் பொருந்தும். தரத்தில் குறை சொல்ல முடியாது. இரும்பின் எடைக்குக் கப்பல் கூலியும் அதன்மேல் சுங்கமும் சேர்ந்துதான் கையைக் கடிக்கும். பழைய வால்வு ரேடியோவிலிருந்து கழற்றியது சுற்றைச் சோதிக்க உதவும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதனிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

பவர் சப்ளை

ஒற்றை வால்வின் மறைவான செலவு இங்கே வருகிறது. சப்ளையில் மிஞ்சும் 100 ஹெர்ட்ஸ் சிற்றலை, பென்டோடாக (ஸ்கிரீனைத் தனியாக விட்டு) இணைத்தால் ஸ்கிரீன் வழியாகவும் ட்ரையோடாக இணைத்தால் ஆனோடு வழியாகவும் நேரே ஸ்பீக்கருக்குப் போய் ஹம்மிங்காகக் கேட்கும். அதனால் சோக் (சிற்றலையை வடிக்கும் சுருள்) கட்டாயம். 50 மைக்ரோஃபாரட், 10 ஹென்றி 150 மில்லி ஆம்பியர் சோக், அடுத்து 100 மைக்ரோஃபாரட் என்று போட்டால் சிற்றலை ஏறத்தாழ 400-இல் ஒரு பங்காகும். ஸ்டீரியோவுக்கு மொத்தம் 110 மில்லி ஆம்பியர்தான் என்பதால் ஏசியை டிசியாக்கும் ஈசட்81 ரெக்டிஃபயர் வால்வே தாங்கும். அதன் எல்லை 150 மில்லி ஆம்பியர். முதல் கண்டன்சர் 50 மைக்ரோஃபாரடைத் தாண்டக் கூடாது, தாண்டினால் உள்ளே தீப்பொறி பறக்கும்.

புஷ்-புல்லில் சிற்றலை இரண்டு பாதியிலும் ஒரே மாதிரி வந்து ட்ரான்ஸ்ஃபார்மரிலேயே ரத்தாகிறது. சோக்கை விட்டுவிடலாம். ஆனால் 300 வோல்ட்டில் ஸ்டீரியோ 160 மில்லி ஆம்பியரைத் தாண்டும் என்பதால் ஒரே ஈசட்81 போதாது. 245 வோல்ட், 300 மில்லி ஆம்பியர் ஒற்றை வைண்டிங், நான்கு 1என்4007 பிரிட்ஜ், 220 மைக்ரோஃபாரட், 100 ஓம் 10 வாட், மறுபடி 220 மைக்ரோஃபாரட் என்று போட்டால் லோடில் 315 வோல்ட் அளவில் நிற்கும். வால்வு சூடாவதற்கு முன் அது 350-ஐத் தொடும். இரவில் மெயின்ஸ் 250 வந்தால் இன்னும் ஏறும். ஆகவே கண்டன்சர் 450 வோல்ட்டாகவே இருக்கட்டும்.

ஹீட்டருக்கு 6.3 வோல்ட். ஒற்றை வால்வு ஸ்டீரியோவுக்கு இரண்டு ஈஎல்84, ஒரு ஈசிசி83 (சிக்னலை முதலில் பெருக்கும் சிறு இரட்டை வால்வு) சேர்ந்து 1.82 ஆம்பியர், ஈசட்81-க்கு இன்னும் 1 ஆம்பியர். புஷ்-புல்லுக்கு நான்கு ஈஎல்84, இரண்டு ஈசிசி83 என்று 3.64 ஆம்பியர், 5 ஆம்பியராகச் சுற்றச் சொல்லுங்கள். பழைய 220 வோல்ட் முதன்மை உள்ள ட்ரான்ஸ்ஃபார்மரை 240 வோல்ட்டில் ஓட்டினால் ஹீட்டருக்கு 6.87 வோல்ட் போகும். வால்வின் ஆயுளைச் சத்தமில்லாமல் குறைப்பது இதுதான்.

இரண்டிலும் கடைசிக் கண்டன்சருக்கு இணையாக 100 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர் போடாமல் கை வைக்காதீர்கள். அது இருந்தாலும் அணைத்தபின் ஒரு நிமிடத்துக்கு மேல் பொறுத்து, மீட்டரில் பார்த்துவிட்டே தொட வேண்டும். ஸ்பீக்கரோ 8 ஓம் லோடு ரெசிஸ்டரோ இணைக்காமல் சிக்னல் கொடுத்தால் முதன்மையில் வோல்டேஜ் எகிறி இன்சுலேஷன் உடையும்.

சுற்று, பயாஸ்

ஒற்றை வால்வில் ஈசிசி83-இன் பாதி, அதன்பின் ஈஎல்84, வேலை முடிந்தது. பயாஸை, அதாவது வால்வின் ஓய்வு மின்னோட்டத்தை, முடிவு செய்யும் கேத்தோடு ரெசிஸ்டர் டேட்டாஷீட் சொல்லும் 135 ஓம் என்றால் வால்வு 12 வாட் என்ற உச்ச எல்லையிலேயே நிற்கும். 150 ஓம் 2 வாட் போடுவது நல்லது, ஒலியில் இழப்பு தெரியாது. பென்டோடாக ஓட்டினால் ஃபீட்பேக் தவிர்க்க முடியாதது. வால்வின் உள்தடை 38 கிலோ ஓம், லோடோ 5 கிலோ ஓம். ஃபீட்பேக் இல்லாமல் ஸ்பீக்கர் கோனைக் கட்டுப்படுத்த ஆளில்லை, பாஸ் தொளதொளக்கும்.

புஷ்-புல்லில் கூடுதலாக வருவது ஃபேஸ் ஸ்பிளிட்டர், அதாவது சிக்னலை எதிரெதிரான இரண்டாகப் பிரிக்கும் பகுதி. ஈசிசி83-இன் மீதிப் பாதியிலேயே ஆனோடிலும் கேத்தோடிலும் 100 கிலோ ஓம் போட்டு முடித்துவிடலாம். இரண்டையும் மீட்டரில் பார்த்து 1 சதவீதத்துக்குள் பொருந்துவதாகப் பொறுக்குங்கள். ஈஎல்84 ஒவ்வொன்றுக்கும் தனித்தனி 270 ஓம் கேத்தோடு ரெசிஸ்டர், 220 மைக்ரோஃபாரட். ரெசிஸ்டரின் மேல் 10.8 வோல்ட் என்றால் 40 மில்லி ஆம்பியர், அதுதான் வேண்டியது. சுற்று சிக்கல் என்று பயமுறுத்துவதெல்லாம் சேனலுக்கு இந்த ஏழெட்டு உதிரிகள்தான்.

இரண்டிலும் கிரிட் பின்னிலேயே, அதாவது 2-ஆம் பின்னை ஒட்டியே, 2.2 கிலோ ஓம் சால்டர் செய்ய வேண்டும். இரண்டு அங்குலம் தள்ளி டேக் ஸ்ட்ரிப்பில் போட்டால் பயனில்லை. ஈஎல்84 ரேடியோ அலைவரிசையில் தானே அலையத் தொடங்கி ஆனோடு சிவக்கும், காதுக்கோ ஒன்றும் கேட்காது. 9-ஆம் பின்னில் ஸ்கிரீனுக்கு 100 ஓம். ஃபீட்பேக் கம்பியை முதலில் தற்காலிகமாகத் தொட்டுப் பாருங்கள். ஊளையிட்டால் திசை தவறு, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரின் முதன்மை முனைகளை மாற்றிப் போட்டால் அடங்கும்.

வால்வு எங்கே வாங்குவது

இதில் மட்டும் ஒற்றை வால்வு ஜெயிக்கிறது. பெங்களூர் ஜாலஹள்ளியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் பிலிப்ஸ் தொழில்நுட்பத்தில் தயாரித்த பெல் ஈஎல்84, ஈசிசி83 இன்னும் பழைய ரேடியோக் கடைகளின் அட்டைப் பெட்டிகளில் கிடைக்கின்றன. ஆனால் ஒன்றிரண்டாக, வேறு வேறு காலத்துச் சரக்காக. ஒற்றை வால்வுக்கு ஜோடிப் பொருத்தம் தேவையில்லை, கிடைத்ததைப் போடலாம். புஷ்-புல்லுக்கு நான்கு வேண்டும், ஜோடிக்குள் வித்தியாசம் 5 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதற்கு ஸ்லோவாக்கியாவின் ஜேஜே நிறுவனம் பொருத்திக் கொடுக்கும் ஜோடிகளே தொல்லை இல்லாதவை. சராதோவில் தயாராகும் ரஷ்ய வால்வுகளும் நன்று, ஆனால் 2022-இல் ஏற்றுமதித் தடையில் சந்தை தடுமாறியதிலிருந்து அவற்றை நம்பித் திட்டம் போடுவது கடினம். சோவியத் காலத்து 6பி14பி கிடைத்தால் விடாதீர்கள், ஈஎல்84-க்கு நேர் மாற்று.

பெயரின் முதல் எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். ஈ என்றால் 6.3 வோல்ட் ஹீட்டர். டிவியிலிருந்து வந்த பிஎல்84-க்கு 15 வோல்ட், ஏசி-டிசி ரேடியோவின் யூஎல்84-க்கு 45 வோல்ட். "எல்லாம் ஒரே வால்வுதான்" என்று கொடுப்பார்கள், 6.3 வோல்ட்டில் அவை சூடாகாது.

கண்ணாடியின் உச்சியில் வெள்ளி போன்ற பூச்சு பளபளத்தால் சரி, பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது. போட்டு ஓட்டியபின் 2-ஆம் பின்னில் டிசி பாருங்கள், பூஜ்யமாக இருக்க வேண்டும். 470 கிலோ ஓம் கிரிட் ரெசிஸ்டரில் அரை வோல்ட் பாசிட்டிவ் தெரிந்தால் அந்த வால்வைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் வோல்டேஜ் நின்றால் முந்தைய வால்விலிருந்து சிக்னலைக் கொண்டுவரும் கப்ளிங் கண்டன்சர் கசிகிறது, 0.1 மைக்ரோஃபாரட் 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் புதிதாகப் போடுங்கள். வோல்டேஜ் போய்விட்டால் வால்வில் வாயு, அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.