வாடகைக்கு விட்ட வீடு லீசுக்குப் போயிருந்தது

சென்னையில் வீட்டை வைத்துக்கொண்டு வெளியூரில் இருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள்.

மேடவாக்கத்தில் எனக்கு ஒரு ஃபிளாட். நான் இருப்பது திருச்சியில். குழாய் ஒழுகினாலும் மோட்டார் நின்றாலும் குடியிருப்பவர் எனக்குத்தான் போன் செய்வார். பாதி ஞாயிற்றுக்கிழமைகள் பல்லவன் ரயிலிலேயே கழிந்தன. அலுத்துப்போயிருந்த நேரத்தில்தான் வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு நிறுவனம் வந்தது. "சாவியைக் கொடுத்துடுங்க சார். ஆள் இருந்தாலும் இல்லாட்டாலும் மாசம் பதினஞ்சாயிரம் வந்துடும்." கையோடு 45,000 ரூபாய் அட்வான்சும் கொடுத்தார்கள். பிறகு எனக்கு எங்கே சந்தேகம் வரும்?

ஏழு மாதம் 5ஆம் தேதி தவறாமல் வாடகை வந்தது. எட்டாவது மாதம் வரவில்லை. கேட்டால் முதலில் அக்கவுன்டன்ட் லீவு, அப்புறம் சர்வர் பிரச்சினை, அப்புறம் சுவிட்ச் ஆஃப். கிளம்பிப் போனேன். கதவைத் திறந்த அம்மாவிடம் நான்தான் வீட்டு ஓனர் என்றேன்.

"ஓனர் துபாய்லல்ல இருக்காரு?"

எனக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது.

அவர்கள் 7 லட்சம் கொடுத்து மூன்று வருட லீசுக்கு வந்திருக்கிறார்கள். தெற்கே போக்கியம், ஒத்தி என்போமே, அதேதான். மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருப்பது, காலி செய்யும்போது முழுசாகத் திரும்ப வாங்கிக்கொள்வது. கணக்குப் போட்டேன். அட்வான்ஸ், வாடகை எல்லாம் சேர்த்து எனக்கு வந்தது 1,50,000. மிச்சம் 5,50,000 நிறுவனத்துக்கு. ஏழு மாதமும் அந்த அம்மாவின் பணத்தைத்தான் எனக்கு வாடகையாக அனுப்பியிருக்கிறார்கள்.

ஊருக்கு வந்து ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன் (கையெழுத்துப் போட்ட அன்று படித்திருக்க வேண்டியது). நான்காம் பக்கத்தில், 'இரண்டாம் தரப்பினர் தாம் விரும்பும் நபரை விரும்பும் நிபந்தனையில் குடியமர்த்தலாம்' என்று ஒரு வரி. 22.2.2019 முதல் நடப்பில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக் கூடாது. அந்தச் சம்மதம் என்று அவர்கள் காட்டப்போவது இந்த வரியைத்தான் என்றார் வக்கீல். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. "அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்" என்றிருந்தார்கள்.

சாவியை யாரிடம் கொடுத்தாலும், குடிவருபவரின் பெயரும் போன் எண்ணும் உங்களிடம் இருக்கட்டும். அவரிடமே ஒரு தடவை பேசி எவ்வளவு கொடுக்கிறார் என்று கேளுங்கள். எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளருக்கு முதல் மாதமே தெரியுமாம், லீசுக்கு வந்தவர்கள் என்று. நான் அவருக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும்.

லீசுக்கு வீடு தேடுபவர்களுக்கும் சொல்கிறேன். போக்கியப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஓனர் கையெழுத்தோடு பதிவாக வேண்டும். அந்த அம்மாவிடம் இருந்தது வெறும் 20 ரூபாய் முத்திரைத்தாள், அதிலும் நிறுவனத்தின் கையெழுத்து மட்டும். ஓனர் வெளிநாட்டில் இருக்கிறார் என்றால் வீடியோ காலிலாவது பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

நானும் அந்த அம்மாவும் சேர்ந்தே போலீசில் புகார் கொடுத்திருக்கிறோம். வெளியே போங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதப்போகிறாள். அது முடியும்வரை மாதம் 6,000 தருவதாகச் சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்கடன் தவணை 18,400. நேற்று போன் செய்தார், சமையலறைக் குழாய் ஒழுகுகிறதாம். ஞாயிற்றுக்கிழமை பல்லவனில் டிக்கெட் போட்டிருக்கிறேன்.