காகிதக் கவசத்துக்கு எந்த அட்டை வாங்கலாம்?

பெப்பக்குரா என்பது கணினி வடிவத்தைத் தட்டையான துண்டுகளாக அச்சடித்து, வெட்டி, மடித்து ஒட்டும் முறை. அப்படிச் செய்யும் ஹெல்மெட் பாதியில் கோணிக்கொண்டால் எல்லோரும் முதலில் அச்சடித்த கணினிக் கோப்பைத்தான் சந்தேகிக்கிறார்கள். பல நேரம் கோளாறு தாளில் இருக்கிறது. கடையில் எளிதாகக் கிடைக்கும் ரகங்களில் கவசத்துக்கு எது தேறும், எது காலை வாரும் என்று பார்ப்போம்.

முதலில் எண் குழப்பம். அமெரிக்க வழிகாட்டிகள் "110 பவுண்டு" அட்டை என்று சொல்வது இன்டெக்ஸ் ரகத்தை. அது 199 ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 199 கிராம். அதே 110 பவுண்டு கவர் ரகமாக இருந்தால் 298 ஜி.எஸ்.எம். 500 தாளின் எடையை இன்டெக்ஸுக்கு 25.5 × 30.5 அங்குலத் தாளிலும், கவருக்கு 20 × 26 அங்குலத் தாளிலும் கணக்கிடுவதால் வரும் வேறுபாடு இது. பவுண்டை மறந்துவிட்டு, 200 ஜி.எஸ்.எம். என்று கேளுங்கள். கடைக்காரர் சொல்லும் எண்ணைச் சரிபார்க்கச் சமையலறைத் தராசு போதும். ஏ4 தாள் 16 சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். எனவே 16 தாளின் எடை எத்தனை கிராமோ, அதுவே ஜி.எஸ்.எம். "200" என்று விற்ற கட்டு 170 கிராம் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஹெல்மெட்டுக்கு எங்கள் தேர்வு 200 முதல் 220 ஜி.எஸ்.எம். வரையிலான பூச்சில்லாத வெள்ளை அட்டை. மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒருமுறை அழுத்திக் கோடிட்டால் மடிப்பு நேராக விழுகிறது. ஃபெவிகால் நாரோடு கலந்து பிடிக்கிறது. காய்ந்த பின் பிரித்தால் தாள்தான் கிழியும், ஒட்டு விடாது. ஒட்டி முடித்தபின் பூசும் ரெசினும் (இறுகிக் கெட்டியாகும் திரவப் பிளாஸ்டிக்) உள்ளே ஊறும். கவசம் கெட்டியாவதற்கு இந்த ஊறுதல்தான் அடிப்படை.

ஆர்ட் கார்டைத் தவிர்த்துவிடுங்கள். விசிட்டிங் கார்டுக்குப் போடும் 300 ஜி.எஸ்.எம். பளபளப்பு அட்டை கையில் எடுத்தவுடன் ஆசை காட்டும். ஆனால் அதன் மேலே இருப்பது களிமண், சுண்ணப் பூச்சு. மடித்த இடத்தில் அது வெடித்து வெள்ளைக் கோடாகத் தெரியும். பசை பூச்சோடு மட்டும் ஒட்டும், இழுத்தால் பூச்சோடு உரிந்து வரும். இங்க்ஜெட் மை காயாமல் கையில் ஒட்டும். ரெசின் மேலாகவே நின்றுவிடும். இன்னொரு குறையும் உண்டு: பூச்சுத் தாள் அழுத்தமானது, அதனால் அதே எடைக்குத் தடிமன் குறைவு. விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுவதால், 250 ஆர்ட் கார்டு பார்க்கக் கனமாக இருந்தாலும் எதிர்பார்த்த விறைப்பைத் தராது.

பூச்சு இருக்கிறதா என்று தெரியவில்லையா? வெள்ளி மோதிரத்தால் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். பூச்சுள்ள பக்கத்தில் பென்சில் போலச் சாம்பல் கோடு தெளிவாக விழும்.

ஐவரி போர்டு இடைநிலை. பருமன் நன்றாக இருக்கிறது, விறைப்பும் அருமை. ஆனால் பெரும்பாலும் ஒரு பக்கம் பூச்சு. கவசத்தில் ஒட்டும் காதின், அதாவது பசை தடவ விளிம்பில் விட்டிருக்கும் மடிப்புப் பட்டையின், வெளிப்புறம் பக்கத்துத் துண்டின் உட்புறத்தோடு ஒட்டுகிறது. அதனால் தாளை எப்படித் திருப்பி அச்சடித்தாலும், ஒட்டும் இரண்டு முகங்களில் ஒன்று பூச்சுப் பக்கமாகவே அமையும். பூச்சை வெளியே வைத்து, காதுகளை மட்டும் 120-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள். ரெசினும் ஃபைபர் மேட்டும் (கண்ணாடி நார் விரிப்பு) போகும் உட்புறம் அப்போது பூச்சில்லாமல் இருக்கும். மார்பு, முதுகு, தொடைக் கவசம் போன்ற பெரிய முகங்களுக்கு 250 ஜி.எஸ்.எம். ஐவரி நல்ல தேர்வு. ஹெல்மெட்டுக்கு வேண்டாம். தடித்த அட்டையில் ஒவ்வொரு மடிப்பும் துளித்துளியாக இடம் தின்னும், காது ஏறிய இடமெல்லாம் இரட்டைத் தடிமன் ஆகும். வளையத்தைச் சுற்றி வந்து கடைசித் துண்டை மூடும்போது இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இடைவெளி நிற்கும். அதை இழுத்து ஒட்டினால் முகம் கோணும்.

விரல் மூட்டு, காது மூடி போன்ற சின்னத் துண்டுகளுக்கு 160 முதல் 180 ஜி.எஸ்.எம். போதும். 5 மில்லிமீட்டர் அகலக் காது 200-இல் எழும்பி நிற்கும், 160-இல் அடங்கும்.

டூப்ளெக்ஸ், அதாவது பின்புறம் சாம்பலாக இருக்கும் மிட்டாய்ப் பெட்டி அட்டை, மலிவு. ஆனால் மறுசுழற்சிக் கூழின் நார் குட்டையானது, கூர்மடிப்பில் உடையும், அடுக்கடுக்காகப் பிரியும். தட்டையான முதுகுத் தாங்கலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பள்ளிச் சார்ட் ஹெல்மெட்டுக்கு மெலிது. 80 ஜி.எஸ்.எம். ஜெராக்ஸ் தாளுக்கு ஒரே ஒரு வேலை: ஈவா ஃபோமில் (மெத்தென்ற நுரைத் தகடு) கவசம் செய்வதானால் அதில் அச்சடித்து வெட்டி, ஃபோம் மேல் வைத்து வரைந்துகொள்ளலாம். அதற்குப் போய் 200 வாங்குவது வீண் செலவு.

வாங்கும் இடத்தில் கவனிக்க வேண்டியது கிரெயின், அதாவது நார் ஓடும் திசை. தாளை இரண்டு பக்கமும் மெல்ல வளைத்தால், எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்த வளைவுக் கோட்டுக்கு இணையாக நார் ஓடுகிறது. முன்கைக் கவசம் போன்ற குழாய் வடிவங்களில் நார் கையின் நீளவாக்கில் இருந்தால் வளைவு சீராக வரும். குறுக்கே இருந்தால் சொரசொரவென முறியும். சென்னை ஆண்டர்சன் தெரு போன்ற மொத்தக் கடைகளில் பெரிய ஷீட்டாக வாங்கி வெட்டச் சொன்னால், எல்லா ஏ4-உம் ஒரே திசையில் விழும்படி கேளுங்கள். 25 × 36 அங்குல ஷீட்டில் ஒரே திசையில் 9 ஏ4 வரும். 22 × 28-இல் 4 மட்டுமே, மீதி கழிவு.

அச்சுக்கு, தாள் நேராகப் போகும் பின்புறத் தட்டு உள்ள பிரின்டர் வேண்டும். முன் தட்டிலிருந்து சுருண்டு போகும் வகையில் 200 சிக்கும், அல்லது கோடு நழுவும். லேசரில் தடித்த தாள் அமைப்பைப் போடாவிட்டால் டோனர் மடிப்பில் உதிரும். எதுவானாலும் அளவு 100 சதவீதம். "பக்கத்துக்குப் பொருத்து" என்பது தேர்வாகியிருந்தால் ஹெல்மெட் தலையில் ஏறாது. கோப்பு அமெரிக்க லெட்டர் தாளுக்கு அடுக்கப்பட்டிருந்தால், ஏ4-க்கு மாற்றித் துண்டுகளை மறுபடி அடுக்குங்கள்.

எந்த நல்ல அட்டையும் ரெசின் பட்டவுடன், இறுகும் வரை, நனைந்த தாள்போலத் தளரும். ஹெல்மெட்டின் கழுத்துப் பக்கம் விரிவது அப்போதுதான். அதனால் ஹெல்மெட்டின் இடது, வலது பக்கங்களுக்கு இடையே அதே அட்டையில் ஒரு குறுக்குச் சட்டம் ஒட்டிவிட்டு, ஜி.பி. ரெசினை (பொதுப் பயன்பாட்டு பாலியெஸ்டர் ரெசின்) மெல்லிய பூச்சாகப் போடுங்கள். ரெசினை இறுக்கும் ஹார்டனர், ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம். இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் திரவத்தைத் தனியாகக் கொடுத்தால் அதை முதலில் ரெசினில் கலந்து முடித்த பிறகே ஹார்டனர். இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் வெடிக்கும். வேலை திறந்த வெளியில், கரிம ஆவிக்கான கேட்ரிட்ஜ் மாஸ்க்கோடு நடக்கட்டும். துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது.

ஹெல்மெட்டுக்கு 10 முதல் 20 தாள் வரை போகும். தேவைக்கு மேல் ஐந்தாறு தாளை அதே கட்டிலிருந்து எடுத்து, பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். ஈரக் காற்றில் தாள் நாருக்குக் குறுக்கே உப்பும். அப்படி உப்பிய தாளில் கெட்டுப்போன ஒரு துண்டை மறுபடி அச்சடித்தால், பழைய துண்டின் விளிம்போடு சேராது.