குரங்கு மீட்புக்கான அமுக்குக் கூண்டு: கிருஷ்ணகிரி பட்டறை வேலை எப்படி?

வித்தைக்காரர்களிடமிருந்தும், வீட்டில் கட்டிவைத்து வளர்ப்பவர்களிடமிருந்தும் வனத்துறை மீட்டுவரும் நாட்டுக் குரங்குகளுக்கு முதலில் தேவைப்படுவது அமுக்குக் கூண்டு. பின்தடுப்பை முன்னால் இழுத்தால் குரங்கு நகர இடமின்றி நிற்கும், மருத்துவர் கம்பி வழியாகவே ஊசி போட்டுவிடலாம். கிருஷ்ணகிரியில் கேட், கிரில் செய்யும் பட்டறை ஒன்றில் ஆர்டரின் பேரில் இதைச் செய்து தருகிறார்கள்.

நீளம் 90 செ.மீ., அகலம் 60, உயரம் 75. வளர்ந்த ஆண் குரங்கு 6 முதல் 9 கிலோ வரை இருக்கும், அதற்கு இது போதும். 10 கேஜ் (சுமார் 3 மி.மீ. தடிமன்) வெல்டு மெஷ், அதாவது பற்றவைத்த கம்பி வலை, 25 மி.மீ. கண். விரல் வெளியே வரும், பெரிய குரங்கின் கை வராது. அடியில் இழுத்தெடுக்கும் தட்டு அருமை: கதவைத் திறக்காமலே கழுவலாம், மலம் பரிசோதனைக்கு எடுக்கலாம்.

குறை தாழ்ப்பாளில்தான். சாதாரண நாதாங்கியைக் கதவை ஒட்டியே வைத்திருக்கிறார்கள். ஆள் திறப்பதை ஓரிரு முறை பார்த்தாலே குரங்கு கற்றுக்கொள்ளும். விளிம்பிலிருந்து 15 செ.மீ. தள்ளி வைத்து, மேலே தகடு அடித்து, பூட்டுக்கு ஓட்டையும் போடச் சொல்லுங்கள். மேலிருந்து இறங்கும் கதவுக்குத் தடுப்பு முளை கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் வால் நசுங்கும்.

அமுக்கும் தடுப்புக்கும் பக்கச் சுவருக்கும் இடையே ஒரு செ.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் விரல் மாட்டும். தடுப்பு பின்வாங்காதபடி பற்கள் வைத்த கம்பி நல்லது. அதற்காக இறுக்கிப் பிடிக்கக் கூடாது. நெஞ்சு அழுந்தினால் மூச்சு முட்டும். ஊசி இறங்கியதும் உடனே தளர்த்த வேண்டும். குட்டியாக இருந்தபோது இடுப்பில் கட்டிய கயிறு பல குரங்குகளுக்குச் சதைக்குள் புதைந்து, புழு வைத்திருக்கும். அதை மயக்கத்தில்தான் வெட்டி எடுக்க வேண்டும். விழித்திருக்கும்போது இழுப்பது கொடுமை.

வெல்டிங் பிசிறுகளை உள்பக்கம் சரியாகத் தேய்க்கவில்லை. கையுறை போட்டுத் தடவிப் பார்த்து, மாட்டும் இடத்தையெல்லாம் கிரைண்டர் வைக்கச் சொல்லுங்கள். மெஷ்ஷின் துத்தநாகப் பூச்சைக் குரங்கு நக்கினால் நஞ்சாகும். வினிகர் கலந்த தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து, கழுவி, காயவைத்த பிறகே பயன்படுத்துங்கள்.

தேவாங்கை இதில் ஏற்றவே கூடாது. கால் கிலோ அளவே இருக்கும் உயிர் அது, இந்தக் கண் அதற்குப் பெரிது. அதற்கு 12 மி.மீ. மெஷ், பற்றிக்கொள்ளக் கிளை, இருட்டு வேண்டும். டார்ச் அடிக்கக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை விலங்கு அது, வைத்திருப்பவருக்கு 3 முதல் 7 ஆண்டு சிறை. வெளிநாட்டிலிருந்து கடத்திவரும் மார்மோசெட் போன்ற சின்னக் குரங்குகளுக்கும் இந்தக் கூண்டு ஆகாது.

தொப்பூர் கணவாய் வழியாக மதியத்தில் கொண்டுபோனால் கூரைத் தகடு கொதிக்கும். மேலே ஈரச் சணல் சாக்கு போட்டு, பக்கங்களில் காற்று வர விடுங்கள். கடிபட்டால் 15 நிமிடம் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, அன்றே வெறிநாய்த் தடுப்பூசிக்குப் போக வேண்டும்.

ஆர்டர் கொடுக்கும் முன் உங்கள் வண்டியின் பின்கதவு அகலத்தை அளந்துகொள்ளுங்கள். கைப்பிடிகள் பக்கத்துக்கு 5 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.